சேணத்தை விட்டுப் போன பூக்கள்

கொடையூரில், குதிரைச் சேணங்களில் செதுக்கிய பூக்கள் கம்பெனியின் மாலைச் சங்கு ஊதியதும் தோலைவிட்டுக் கழன்று விழத் தொடங்கிய அந்த ஆடி மாதத்தில், கிருபாவதிக்கு முதலில் தோன்றியது, இதையும் நாம்தானே பெருக்கித் தள்ள வேண்டும் என்பதுதான்.

அன்றைக்குக் காலையிலிருந்து அவள் ஒரு சேணத்தின் பக்கத்தோலை எதிரில் வைத்துக்கொண்டு, எல்லா நாளும் போலவே, ஈரத்துணியால் துடைத்து, பதம் வந்ததா என்று கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, கத்தியால் கொடியைக் கீறி, கொடியிலிருந்து காம்பையும் காம்பிலிருந்து இலையையும் இலைகளுக்கு நடுவில் பூவையும் இறக்கி, ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி எழுப்பியிருந்தாள். அது இந்த ஊர்ப் பூ அல்ல. கடல் தாண்டி எங்கேயோ குளிர்தேசத்து வேலியோரம் பூப்பது என்று சொன்னார்கள். ஐந்து இதழ், நுனியில் ஒரு மடிப்பு, நடுவில் கடுகு கொட்டியதுபோல் மகரந்தம். அந்தப் பூவை அவள் வேலை செய்த பூவேலை செக்ஷனில் ஒருத்தியும் உயிரோடு பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதைச் செதுக்கிக்கொண்டிருந்த கிருபாவதி அதைச் சேணப்பூ என்றுதான் சொல்வாள், மற்றவர்களும் அப்படியே சொல்லிப் பழகியிருந்தார்கள்.

சங்கு ஊதியது. கிருபாவதி சுத்தியைக் கீழே வைத்து, மணிக்கட்டைச் சுழற்றி நெட்டி முறித்தாள். அவள் கட்டைவிரலுக்குப் பக்கத்திலிருந்த பூ, மடியிலிருந்து இறங்கப் பார்க்கிற பிள்ளைபோல இப்படியும் அப்படியும் நெளிந்து, காம்போடு கழன்று, அவள் புடவை மடிப்பில் விழுந்தது. பின்னால் அடுத்தது. பின்னால் கொடி முழுக்க. வரிசையாகப் போட்டிருந்த பெஞ்சுகளில் ஒவ்வொருத்தி மடியிலும் தரையிலும் புளியங்கொட்டை கொட்டுவதுபோல் பூக்கள் உதிர்ந்தன. பக்கத்து பெஞ்சு ஜரீனா, எப்போதும் நூல் பிசிறை உதறுவதுபோல் மடியை உதறிவிட்டு, பர்தாவை எடுத்து மாட்டிக்கொண்டாள். சூப்பர்வைசர் இம்தியாஸ் பாய் வந்து பார்த்தார். வயிற்றெரிச்சலுக்கு எப்போதும் கன்னத்தில் அடக்கிவைத்திருக்கும் மாத்திரையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார். பஸ் கிளம்பிவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். முதல் நாள் நடந்தது அவ்வளவுதான்.

பஸ்ஸில்தான் அதன் வாசனை தெரிந்தது. கம்பெனிப் பெண்கள் ஏறினால் ஜன்னலைத் திறந்துவிட்டு முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்ளும் ஊர்த்தெருக்காரி ஒருத்தி, அன்றைக்கு ஜன்னலைத் திறக்காமல், என்ன பூ வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். தோல் ஊறுகிற ஆவாரம்பட்டைத் தண்ணீரின் வாசனைதான் அது. ஆனால் அதற்கடியில் வேறொன்று இருந்தது, மழை பெய்யப்போகிற இடத்திலிருந்து வருகிற காற்றுபோல. ஜரீனா பையைத் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். எருமைத் தோல் நிறத்தில், நரம்பு நரம்பாக, தொட்டால் மெத்தென்று இருந்த அதை அவள் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். மறுவாரம் அதே பஸ்ஸில் அவளைப் பார்த்தபோதும் அதே பூ இருந்தது. வாடவில்லை.

அதற்குப் பிறகு ஊர் அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. தண்ணீர் லாரி வருவதையும் கரண்ட் போவதையும் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி. மாலைச் சங்கு ஊதினால் கம்பெனி கேட்டில் ஆட்கள் நின்றார்கள். பஸ் ஸ்டாண்டில் பூக்கூடை வைத்திருந்த குப்பம்மாள் முதலில் மண்ணை வாரித் தூற்றினாள். அப்புறம் வியாபாரம் விழுந்ததைப் பார்த்து, மல்லிக்கு நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று தோல் பூ வைத்துக் கட்டினாள். மல்லி வாடினால் உருவி எறிந்துவிட்டு வேறு மல்லி கட்டிக்கொள்ளலாம், நடுவில் இருப்பது அப்படியே இருக்கும் என்று கூவி விற்றாள். காலனியில் கெங்கையம்மனுக்கு அந்தப் பூவிலேயே பாவாடை தைத்துச் சாத்தினார்கள். சர்ச்சில் போதகர் இதைப் பற்றிப் பிரசங்கம் பண்ணலாமென்று நினைத்து, பொருத்தமான வசனம் கிடைக்காததால் வழக்கமான பிரசங்கத்தையே பண்ணினார். தர்காவில் பெரியவர்கள் கூடி, தோல் எங்கேயிருந்து வந்தது, முறைப்படி அறுத்ததா என்று விசாரித்து, முறைதான் என்று தெரிந்ததும் போர்வை போர்வையாக வாங்கிப் போர்த்தினார்கள். ஊர்த்தெரு பெரிய கோயிலில் மட்டும் குருக்கள், பூத்தாலும் தோல் தோல்தான், வாசற்படி தாண்டக் கூடாது என்றுவிட்டார். யாரும் அவரோடு வழக்குக்குப் போகவில்லை. அந்த மாதக் கடைசியில் அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் கிருபாவதி வீட்டுப் பின்வாசலில் வந்து நின்று, அம்மா ஒரு முழம் கேட்டாங்க, வெளியில சொல்ல வேணாம்னாங்க என்றாள்.

கிருபாவதி வீட்டுக்குத்தான் எல்லாரும் வந்தார்கள். செக்ஷனில் எல்லார் பூவும் உதிர்ந்தன. ஆனால் மற்றவர்களுடையது இதழ் இதழாகப் பிய்ந்து விழும். இவளுடையதுதான் காம்போடு, கட்டுவதற்கு வாகாக, முழுதாக இறங்கும். அதனால் கல்யாணத்துக்கு வேண்டும் என்று வந்தார்கள், காதுகுத்துக்கு வேண்டும் என்று வந்தார்கள், செத்துப்போனவர்களுக்கு மாலை வேண்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். கம்பெனிப் பூ போதாமல்போனது. அவள் கழிவுத் தோலை வாங்கி வந்து, நடையில் உட்கார்ந்து, சோறு வடிக்கிற நேரத்தில் கத்தியும் அச்சுமாகத் தட்டினாள். காலையில் செதுக்கிவைத்துவிட்டுப் போனால் மாலையில் கம்பெனிச் சங்கு இங்கேயும் கேட்கும், பூ இறங்கும். வந்தவர்கள் வாங்கிக்கொண்டு, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கை மணிக்கட்டில் வீங்கியிருந்ததை ஒருவரும் கேட்கவில்லை. அவளும் காட்டவில்லை.

அவள் கணவன் ஏசுபாதம் தோல் பதனிடுகிற கம்பெனியில் தோலைச் சாயத்தோடு சுழற்றும் பெரிய டிரம்மை ஓட்டுகிறவன். சுண்ணாம்பிலும் சாயத்திலும் நின்று நின்று காலில் எப்போதும் புண். கெட்டவன் அல்ல. அவனும் வந்து, “இன்னாமே, நம்ம மேஸ்திரி பொண்ணுக்கு நிச்சயமாம், ரெண்டு சரம் கேக்கறாரு” என்பான், வேறு யாரோ கேட்டதை ஒப்பிக்கிறவன்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு. சரி என்பாள். முடியாது என்ற சொல் அவள் வாயில் பழகாத சொல்லாக இருந்தது.

அந்த நிலையில்தான் பெட்டிகள் திரும்பி வந்தன. ஆடிக்கு முன்பே கப்பலேறிப் போன சேணங்களிலும் ஒரு பூ இல்லை. பூ இருந்த இடத்தில் அம்மைத் தழும்புபோல் வடு மட்டும் இருந்தது. வாங்கிய கம்பெனிக்காரர்கள் கோபமாக எழுதவில்லை. களைத்துப்போனவர்கள்போல எழுதியிருந்தார்கள். பூ வேண்டாம், பூவாக இல்லாத எதுவாக இருந்தாலும் சரி, நிலைத்து நின்றால் போதும் என்று கேட்டிருந்தார்கள். இம்தியாஸ் பாய் பெண்களைக் கூட்டிவைத்துச் சொன்னார். தீபாவளிக்குள் பூவில்லாத வேலை ஒன்று தோலில் நிலைத்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பூவேலை செக்ஷனை மூடிவிட்டு எல்லாரையும் பசை ஒட்டுகிற ஹாலுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் முதலாளி. அங்கே போனவர்கள் இரண்டு மழைக்காலத்துக்குள் படியேற மூச்சுவாங்குவதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஜரீனாவின் நாத்தி அங்கே இருந்தவள்தான்.

பாய் படங்கள் கொண்டுவந்திருந்தார். இறகு, மீன், அலை, தீ. பெண்கள் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள். ஆனால் கை கேட்கவில்லை. இறகென்று தொடங்கியது நடுவழியில் இலையானது. அலை மடங்கும் இடத்தில் இதழானது. வேறு வேலை செய்யச் சொன்னால் காலுக்குத் தெரிந்த வழியில் வீட்டுக்கே திரும்பிவிடும் மாடுபோல ஒவ்வொருத்தி கையும் பூவிலேயே போய் நின்றது. ஜரீனா கத்தியைப் போட்டுவிட்டு, “இந்தக் கைக்கு ஒண்ணுதான் தெரியும் கிருபா. அதுவும் போச்சு” என்றாள்.

கிருபாவதி அந்தப் பழைய பூ வேலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பூவை மறக்க வேண்டாம், கொடியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஜரீனாவுக்குச் சொன்னாள். நாம் முதலில் கீறுவது பூவை அல்ல, கொடியைத்தான். அது போகிற போக்கில்தான் மற்றதெல்லாம் ஒன்றையொன்று இடிக்காமல் உட்காருகிறது. அந்தப் போக்கு இருக்கட்டும். இலைக்கு நரம்பு போடுகிற அச்சை நெருக்கிப் போட்டால் அது இறகுக்கு ஆகும். இதழ் ஓரத்து அச்சைக் கவிழ்த்துவைத்தால் செதிலாகும். மகரந்த அச்சு தனியாக விழுந்தால் கண். சொல்லிக்கொண்டே செய்து காட்டினாள். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பூவின் உடம்பிலிருந்தே, பூவுக்குத் தெரியாமல், ஒரு சிறகு விரிந்தது.

அந்தச் சேணம் அழகாக இருந்தது. இம்தியாஸ் பாய் தடவிப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். மாலைச் சங்கு ஊதியது. இறகுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே கிளம்பி, ஹாலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியே வெளியேறி, காம்பவுண்டு சுவரைத் தாண்டிப் போயின. ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. கம்பியில் சிக்கியதைப் பிள்ளைகள் பறித்தார்கள். கிழவர்கள் காது குடைய நல்ல பதம் என்று ஆளுக்கொன்று சட்டைப்பையில் செருகிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் தலையணை தைத்தார்கள். தலை வைத்தால் லேசாக இழுக்கிறது, கழுத்து வலிக்கு நல்லது என்றார்கள்.

அடுத்து மீன். சங்கு ஊதியதும் அவை பெஞ்சிலிருந்து துள்ளி, தோல் நனைக்க வைத்திருந்த தொட்டியில் விழுந்து, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. பெண்கள் அவற்றை டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தூக்கிப் போட மனமில்லை. புளி கரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் சாப்பிடும்படியாகவே இருந்தது. நார் கொஞ்சம் அதிகம், முள் இல்லை, பிள்ளைகளுக்குத் தைரியமாகக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஜரீனா வீட்டுப் பூனை மட்டும் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அலையைச் செதுக்கியபோது ஹாலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, துடைப்பத்தால் தள்ளி வெளியேற்றினார்கள். தீயின் படம் போட்டிருந்த தாளை இம்தியாஸ் பாய் தாமே கிழித்துக் குப்பையில் போட்டார்.

தீபாவளி பக்கத்தில் வந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் பாய் கிருபாவதியின் பெஞ்சுக்கு எதிரில் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகம் ஊறவைத்த தோல்போல் தொங்கிப்போயிருந்தது.

“ஏம்மா போவுதுங்க எல்லாம்?” என்று கேட்டார்.

“வீட்டுக்குப் போவணும்னு இருக்கும் பாய். சங்கு ஊதினா நம்மளும் அதான நினைக்கறோம்.”

“அப்போ போவாத ஒண்ணு சொல்லு.”

ஜன்னலுக்கு வெளியே கம்பெனியின் பழைய லைன் வீடுகள் தெரிந்தன. நாட்டு ஓடு போட்ட கூரைகள், ஓட்டின்மேல் ஓடு, அதன்மேல் ஓடு. வேலைக்குப் போனவர்கள் அங்கேதான் திரும்பி வருவார்கள், மாடு வரும், பிள்ளை வரும், குடித்துவிட்டு வழிதவறியவன்கூட எப்படியாவது வந்துசேர்வான். ஓடு எங்கே போகும்? அவள் ஈரத்துணியை எடுத்தாள். இதழ் அச்சை எடுத்தாள். இதழ்களை நடுவில்லாமல், காம்பில்லாமல், ஒன்றின் தலையில் ஒன்றின் கால் படும்படி வரிசையாக இறக்கிக்கொண்டே போனாள். பூவைச் சுற்றி விரிந்துகொண்டிருந்த அதே வளைவு, சுற்றுவதற்கு எதுவும் இல்லாமல்போனதும், தோளோடு தோள் சேர்ந்து கூரையாகப் படுத்துக்கொண்டது.

அன்றைக்குச் சங்கு ஊதியபோது ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. பஸ் ஹாரன் அடித்தது, அடித்து ஓய்ந்தது. எல்லாரும் அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடு அசையவில்லை. ஒரு ஓட்டின் இடுக்கில் மட்டும் லேசாகத் தூசி பறந்தது, அதுவும் அடங்கிவிட்டது. இம்தியாஸ் பாய் கன்னத்திலிருந்த மாத்திரையைக் கடித்து விழுங்கிவிட்டு, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். பசை ஹாலுக்கு யாரும் போக வேண்டியதில்லை என்று ஜரீனாதான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஓட்டு வேலை சேணம் வாங்குகிற நாட்டில் பிடித்துப்போனது. நூற்றுக்கணக்கில் கேட்டார்கள். பெண்கள் ஓட்டின்மேல் ஓடாகத் தட்டினார்கள். பூவிலாவது ஒரு இதழ் மடங்கும், ஒரு இலை திரும்பும், கை கொஞ்சம் விளையாடும். ஓட்டில் அது இல்லை. ஒன்று தட்டி, அடுத்தது தட்டி, வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை. கிருபாவதி கண்ணை மூடினாலும் கூரைகள் தெரிந்தன, மழையே பெய்யாத கூரைகள். வேலை நிலைத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள், அந்த நிம்மதியைப் படுவதற்கும் தெம்பு இல்லாமலிருந்தது.

கம்பெனியில் பூ நின்றுபோனதும் ஊர் மொத்தமும் அவள் வீட்டு நடைக்கு வந்தது. இனிமேல் முடியாது, கை வரவில்லை என்று ஒருத்தியிடம் சொல்லிப்பார்த்தாள். அவள் முகம் கோணிப்போய், கம்பெனிக்காரனுக்கு வீடு வீடாக் கட்டித் தர முடியுது, நமக்கு ஒரு முழம் பூ முடியலயா என்று தெருவில் நின்று கேட்டுவிட்டுப் போனாள். குருக்கள் வீட்டிலிருந்து மறுபடியும் ஆள் வந்தது. மேஸ்திரி வீட்டில் வளைகாப்பு. டிரம்மில் ஏசுபாதத்தோடு நிற்கிறவனுக்குத் தாய் செத்துப்போனாள், ஒரு மாலை இல்லாமல் எப்படித் தூக்குவது? கிருபாவதி காலையில் பூ, பகலில் ஓடு, மாலையில் பூக் கட்டு என்று ஆனாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினாள், இறங்க வேண்டிய இடத்தில் ஜரீனா தோளைத் தொட்டு இறக்கிவிட்டாள். ஒருநாள் சோற்றை வடிக்கத் தட்டை எடுத்தவள், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல், அடுப்பு அணைகிறவரை தட்டோடு நின்றாள். ஏசுபாதம் வந்து தட்டை வாங்கிவைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாலைக்குச் சொல்லியிருந்தவர்கள் அதற்குள் வாசலில் கூப்பிட்டார்கள்.

கார்த்திகை பிறந்து ஒரு மழை நாள். கப்பலுக்குச் சரக்கு ஏற்ற லாரி வந்து நின்றிருந்தது. கடைசிச் சேணத்துக்கு இரண்டு வரிசை ஓடுதான் பாக்கி. அது கிருபாவதியின் பெஞ்சில் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்துபோய்த் திரும்பி வந்தார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. சேணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, வெட்டுத்துண்டு ஒன்றை எதிரில் போட்டு, கத்தியைத் தொடாமல், கொடி கீறாமல், ஒரே ஒரு அச்சை எடுத்து, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, குறுக்கின்மேல் நெடுக்கு, நெடுக்கின்மேல் குறுக்கு என்று தட்டிக்கொண்டிருந்தாள். அதில் இலையும் இல்லை, இதழும் இல்லை, வளைவு என்று ஒன்றுமே இல்லை. பூவிலிருந்து அவள் எடுத்துக்கொண்டதெல்லாம் தட்டுகிற தாளம் மட்டும்தான்.

இம்தியாஸ் பாய் வந்து பார்த்தார். லாரி நிற்கிறது என்று சொல்லத்தான் வந்திருந்தார்.

“இது இன்னாம்மா?”

“பாய்தான், பாய்.”

ஜரீனா மட்டும் சிரித்தாள். பாய் கிருபாவதியின் மணிக்கட்டைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அது தெரிந்தது போலிருந்தது. துணி சுற்றியிருந்தாள், துணிக்கு வெளியே கை பழுத்த பப்பாளிபோல் பளபளத்தது. சேணத்தை எடுத்து ஜரீனாவின் பெஞ்சில் வைத்து, அந்த இரண்டு வரிசையை நீ முடி என்று சொல்லிவிட்டு, மழையில் நனைந்தபடி லாரிக்காரனிடம் பேசப் போனார்.

சங்கு ஊதியது. அந்தத் தோல்துண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆனால் அதிலிருந்து கழன்ற பாய், பெஞ்சின் விளிம்பைத் தாண்டி, வழிந்து, கோரைப்பாய்க்கே உரிய அந்தச் சரசரப்போடு தரையில் இறங்கி, இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் தானாக விரிந்து, ஓரத்தை நீவிவிட்டதுபோல் படிந்தது. எருமைத் தோல் நிறம். புதுப்பாய் வாசனை. கிருபாவதி அதைப் பார்த்தாள். யாரையும் கேட்கவில்லை. வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, பாயில் இறங்கி, வீங்கிய கையை வயிற்றின்மேல் வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்த மூச்சிலேயே தூங்கிப்போனாள்.

பெண்கள் அவளைச் சுற்றி நடந்துபோய்த் தங்கள் பைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி ஃபேனைத் தணித்தாள். கேட்டில் கிருபாவதியைத் தேடி ஆட்கள் நின்றிருந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கல்யாணத்துக்குப் பூக் கேட்க வந்த ஊர்த்தெருக்காரர்கள், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சாவுக்குக் கேட்க வந்தவர்கள். அவர்கள் கேட்டைத் தாண்டி வர, ஜரீனா ஹால் வாசலில் போய் நிலையை மறித்து நின்றுகொண்டாள்.

“தூங்குது” என்றாள்.

எப்போது எழுந்திருப்பாள் என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றாள். வாங்கியே ஆக வேண்டும், நாளைக்கு முகூர்த்தம் என்றார் இன்னொருவர். ஜரீனா சற்றே ஒதுங்கி நின்றாள். வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை மாதம் அந்தக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனவர்கள், அந்தக் கை சும்மா கிடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். துணி விலகியிருந்தது. தாம்பாளம் வைத்திருந்த பெண்மணி அதைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படிக்கு வெளியிலேயே சற்று நின்றாள். பிறகு, நாங்க மல்லியே கட்டிக்கறோம் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுத் திரும்பினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குடை விரித்துப் போனார்கள். செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஏசுபாதத்துக்கு யாரோ சொல்லி, அவன் நொண்டிக்கொண்டு மழையில் வந்தான். எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வந்தான். பாயருகில் குந்தி, அவள் விரலில் மாட்டியிருந்த தோல் உறையை மெல்ல உருவினான். அவள் விழிக்கவில்லை. தூக்கத்திலேயே உள்ளே நகர்ந்து அவனுக்கு இடம்விட்டாள். அவன் கொஞ்சநேரம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, புண்காலை முதலில் நீட்டி, அவள் முதுகுப் பக்கம் படுத்துக்கொண்டான்.

ஜரீனா பஸ்ஸுக்குப் போகவில்லை. பர்தாவைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் படுத்தாள். அவளைப் பார்த்து அடுத்த பெஞ்சுக்காரி. அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். படுக்கப் படுக்கப் பாய் ஓரத்தில் விரிந்துகொண்டே போனது. வெளியே ஹாரன் அடித்துப் பார்த்த டிரைவர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, என்ஜினை அணைக்கப் போனான்.

லாரியை அனுப்பிவிட்டு வந்த இம்தியாஸ் பாய் வாசலில் நின்றார். ஹால் முழுக்க ஆட்கள் படுத்திருந்தார்கள், எல்லாருடைய மூச்சும் ஒன்றுபோல் ஏறி இறங்கியது. அவர் ஷூவைக் கழற்றி வெளியே ஒன்றாகச் சேர்த்து வைத்தார். சாக்ஸையும் கழற்றினார். ஈரச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குனிந்து, பாயின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

இன்னும் இடம் இருந்தது.